மலையடி ஊரில் ஒரு குறிப்பேடு

உரோமைக்குத் திருப்பயணம் செல்வோர் புனித இராயப்பர் பேராலயத்தில் ஒரு பீடத்தின்முன் சற்று நின்று செல்வதைக் காணலாம். அது புனித எரோணிமூஸ் பீடம். அதன் கீழே கண்ணாடிப் பேழையில் துயில்கிறார், நம் பெற்றோர் 23-ஆம் அருளப்பர் என்று அழைத்த பாப்பரசர். இன்று நாம் அவரைப் புனித 23-ஆம் யோவான் என்கிறோம். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நாமும் அப்பேழையின்முன் முழந்தாளிட்டோம். நம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த இளங்குரு ஒருவர் உரோமையில் மேற்படிப்புப் படித்து வருகிறார். நமக்கு வழித்துணையாக வந்தவர் அவரே. “சாமி, இவர் பிறந்த ஊருக்குப் போய்வர உங்களுக்கு விருப்பமா?” என்று அவர் கேட்டார். அந்த விருப்பத்துடன்தான் நாம் ஊரைவிட்டுப் புறப்பட்டோம் என்பதை அவர் அறியார்.

ஏன் அந்த விருப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. குருமட நாட்களில் நமக்கென்று வாழ்க்கை விதிகள் எழுதி வைத்திருந்தோம். நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றில் எண்ணிட்டு எழுதியவை மொத்தம் 31. எழும் நேரம், தியானத்தின் அளவு, நாவடக்கம், படிக்கவேண்டிய பக்கங்கள், உணவில் ஒறுத்தல் என யாவும் அதில் இருந்தன. குருப்பட்டம் பெற்றபோது அந்நோட்டுப் புத்தகத்தைப் பெருமையோடு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு முதற்பங்குக்குச் சென்றோம். அந்த 31 விதிகளும் ஒரு ஞாயிறு மதியம் எவ்விதம் நம்மைக் கைவிட்டன என்பதைப் பின்னர் கூறுவோம். அந்த நாளிலிருந்து ஒரு கேள்வி நம்முள் இருந்து வந்தது: மனிதன் தனக்கென்று விதி எழுதிக்கொள்வது பயனுள்ளதா, அல்லது வெறும் தற்பெருமையா? பதினான்கு வயதில் அப்படி ஒரு விதியேட்டைத் தொடங்கி, எண்பத்தொரு வயதில் இறக்கும்வரை ஆன்மக் குறிப்புகள் எழுதி வந்த ஒருவருடைய ஊரில் இதற்கு விடை கிடைக்கலாம் என்று எண்ணினோம்.

மிலான் வழியாகப் புகைவண்டியில் பெர்கமோ நகரை அடைந்தோம். வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த நகரம் அது. கீழே புதிய நகரம். குன்றின்மேல் பழைய நகரம். பழைய நகரைச் சூழ்ந்து நிற்கும் பெருமதிலை 16-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் அரசினர் எழுப்பினர். 2017-ஆம் ஆண்டில் அம்மதில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. அந்த மேல் நகரிலேதான் 1892-ஆம் ஆண்டு ஓர் ஏழை உழவனின் பத்து வயது மகன் குருமடத்தில் சேர்ந்தான். அவன் பெயர் ஆஞ்சலோ ரொங்கால்லி.

பெர்கமோ என்றதும் நம்மில் பலருக்கு 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நினைவுக்கு வரக்கூடும். பெருந்தொற்றால் இறந்தோரை அடக்கம் செய்ய இடமின்றி, இராணுவ லாரிகள் இரவில் வரிசையாகப் பெட்டிகளைச் சுமந்து சென்ற காட்சியை அன்று உலகமே கண்டு கலங்கியது. அந்த நகர் அதுவே. அங்குள்ள பெரிய மருத்துவமனை இந்தப் பாப்பரசரின் பெயரைத் தாங்கியது. அந்நாட்களில் அம்மறைமாவட்டத்தின் குருக்கள் மட்டுமே இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பேருந்து நிலையத்துக்கு நடந்து செல்கையில் இதனை நினைந்து, அவர்கள் ஆன்மாக்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் செபித்தோம்.

பேருந்து நிலையத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி. நாம் செல்லவேண்டிய பேருந்து புறப்பட ஆயத்தமாய் நின்றது. நாம் முன்னே விரைந்தோம். உடன் வந்த இளங்குருவைக் காணோம். திரும்பிப் பார்த்தால், இரு பைகளைச் சுமந்துகொண்டு படியேற முடியாமல் நின்ற ஒரு மூதாட்டியின் பைகளை அவர் வாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தார். பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். நாம் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் முகம் சொல்லிவிட்டது. “சாமி, மன்னிக்கணும். அந்தப் பாட்டியால ஏற முடியல” என்றார் அவர். “அதனால் என்ன” என்றோம். அந்த “அதனால் என்ன”வில் அன்பு இல்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது நம் 31 விதிகளில் நான்காவது.

ஒருவாறு நண்பகலில் ஊர் சேர்ந்தோம். பெர்கமோவுக்கு மேற்கே ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சோத்தோ இல் மோந்தே. அப்பெயருக்கு ‘மலைக்குக் கீழ்’ என்று பொருள். நம் நாட்டில் மலையடிப்பட்டி என்கிறோமே, அதைப் போன்றதொரு பெயர். இன்று அவ்வூர்ப் பெயரோடு பாப்பரசரின் பெயரையும் சேர்த்தே வழங்குகின்றனர். ஊருக்குப் பின்னே காந்தோ மலை, பச்சைப் போர்வை போர்த்தியதுபோல் நின்றது. சரிவில் திராட்சைக் கொடிகள் பழுத்த இலைகளோடு காணப்பட்டன. மலைமேல் புனித அருளப்பரின் பெயரைத் தாங்கிய பழைய கோபுரம் ஒன்று தனித்து நிற்கிறது. மழை தூறிக்கொண்டிருந்தது.

ஊரின் ஒரு பகுதியான புருசிக்கோவில் அவர் பிறந்த வீடு இருக்கிறது. கல்லால் கட்டிய உழவர் வீடு, நடுவே முற்றம். ‘அரண்மனை’ என்பது அந்த வீட்டுக்கு ஊரார் வழங்கிய பெயராம்! 1881-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் அங்கு நான்காம் குழந்தையாக, மூத்த மகனாக அவர் பிறந்தார். அன்று மாலையே அருகிலுள்ள புனித மரியா சிற்றாலயத்துக்குத் தூக்கிச் சென்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தந்தை யோவான் பத்தீஸ்தா ரொங்கால்லி நிலத்தை வாரத்துக்கு உழுதவர். விளைச்சலில் பாதி நிலத்துக்கு உடையவருக்கு. அண்ணன் தம்பி குடும்பங்கள் எல்லாம் ஒரே கூரையின்கீழ். அன்றாட உணவு மக்காச்சோளக் களி. இதைக் கேட்கும்போது, கேழ்வரகுக் களியில் வளர்ந்த நம் மக்களுக்கு அது அந்நிய நாடாகத் தோன்றாது. ஏழைகள் யாரேனும் வாசலுக்கு வந்தால் தாய் அவர்களையும் பிள்ளைகளோடு அமரச் செய்து உணவளிப்பார் என்று பாப்பரசர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு.

அந்த அறைகளில் நின்றபோது, இங்கே விதி எழுதத் தேவை இருந்திருக்காது என்று தோன்றிற்று. விடியுமுன் எழவேண்டும், மாடுகளைப் பார்க்கவேண்டும், மாலையில் செபமாலை சொல்லவேண்டும். இவற்றை யாரும் தாளில் எழுதி வைக்கவில்லை. வீடே விதியேடாக இருந்தது. வீட்டைவிட்டுக் குருமடம் சென்ற பின்னரே அச்சிறுவனுக்குத் தனியேடு தேவைப்பட்டது. நம் பிள்ளைகளும் இன்று படிப்புக்கும் பிழைப்புக்கும் வெளியூர் செல்கிறார்கள். வீட்டின் மணியோசை அவர்களோடு செல்வதில்லை. செல்லும் பிள்ளையின் பெட்டியில் செபமாலையும் முறுக்கும் வைக்கிற தாய்மார், இதையும் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

1895-ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், குருமடத்தில் சில மாணவருக்கு அளிக்கப்பட்ட ‘வாழ்க்கை விதிகள்’ என்னும் தொகுப்பை ஆஞ்சலோ தன் கையால் படியெடுத்துக்கொண்டான். நாள்தோறும் செய்யவேண்டியவை, வாரந்தோறும், திங்கள்தோறும், ஆண்டுதோறும் செய்யவேண்டியவை, எக்காலத்தும் காக்கவேண்டியவை என அவை பிரிக்கப்பட்டிருந்தன. எழுந்ததும் கால்மணி நேரம் தியானம், திருப்பலி, ஞான வாசகம், நற்கருணை சந்திப்பு, இரவில் ஆத்தும சோதனை. வாரம் ஒருமுறை பாவசங்கீர்த்தனம். மாதம் ஒருமுறை அமைதித் தியானம். ஆண்டுதோறும் ஞான ஒடுக்கம். அவை அவனது சொந்தச் சரக்கு அல்ல, பிறர் தந்தவை. ஆயினும் அந்தப் படியே பெரியதோர் ஏட்டின் முதற்பக்கம் ஆயிற்று. அன்று தொடங்கிய ஞானக் குறிப்புகளை அவர் பல்கேரியாவிலும் துருக்கியிலும் பாரிசிலும் வெனிசிலும், இறுதியில் வத்திக்கானிலும் தொடர்ந்து எழுதினார். அவருடைய இசைவுடன் அக்குறிப்புகள், அவர் இறந்த மறு ஆண்டு, 1964-இல், ‘ஓர் ஆன்மாவின் நாட்குறிப்பு’ என்னும் பொருள்படும் பெயரில் நூலாக வெளிவந்தன.

அந்நூலின் முற்பகுதியைப் படிப்போர் சற்று வியப்படைவர். இளைஞர் ரொங்கால்லி பெரிய குற்றங்களைச் செய்தவர் அல்லர். செப வேளையில் தூக்கம் வருகிறது, விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் வீண்பேச்சு மிகுகிறது, தம் கருத்தே சரியென்று நிலைநாட்டும் ஆவல் எழுகிறது. இவ்வாறு தம்மைத் தாமே கடிந்து கொள்கிறார். மீண்டும் தீர்மானம், மீண்டும் தவறல், மீண்டும் தீர்மானம். 1898-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் ஞாயிறன்று, தமக்கு ஞானஸ்நானம் கொடுத்து, இலத்தீனும் கற்பித்து, தந்தையைப் போல் வழிநடத்திய பங்குக்குரு திடீரென இறந்தார். பதினாறு வயது ஆஞ்சலோ அவருடைய நினைவாக எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே: அக்குரு நாள்தோறும் படித்துப் பழசாகியிருந்த ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என்னும் நூல். எழுதிய விதியைக் காட்டிலும், அதனை வாழ்ந்து காட்டிய ஒரு மனிதர் கண்முன் இருந்ததே அவருக்குப் பெரும் வரமாயிற்று என்று நாம் எண்ணுகிறோம்.

அவர் பிற்காலத்தில் கோடை விடுமுறைக்கு வந்து தங்கிய வீடு ஒன்று ஊரில் இருக்கிறது. கா மையித்தீனோ என்பது அதன் பெயர். 1925-இல் ஆயராகப் பல்கேரியா நாட்டுக்கு அனுப்பப்பட்டது முதல், ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கே தங்குவது அவர் வழக்கம். அவர் பயன்படுத்திய பொருள்களை இன்றும் அங்கே காத்து வைத்துள்ளனர். அந்த வீட்டின் அருகே, தூறல் நிற்கும்வரை ஒரு தாழ்வாரத்தில் அமர்ந்தோம். உடன் வந்த இளங்குரு தம் பையிலிருந்து அந்நூலை எடுத்து, 1903-ஆம் ஆண்டு சனவரி மாதக் குறிப்பொன்றை நமக்கு விளக்கிச் சொன்னார். அந்தப் பகுதியை முன்பே நாம் படித்திருக்கிறோம். ஆனால் அன்றுதான் கேட்டோம் என்று சொல்ல வேண்டும்.

அப்போது ரொங்கால்லி உரோமையில் குருமாணவர், வயது இருபத்தொன்று. இளைஞருக்குப் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியாரைப் போன்ற புனிதர்களை நுணுக்கமாகப் பின்பற்ற அவர் பல ஆண்டுகள் முயன்றார். அவர்கள் செய்ததை அப்படியே செய்யப் பார்ப்பார், முடியாது, கலங்குவார். அந்தச் சனவரியில் அவருக்குத் தெளிவு பிறந்தது. தாம் ஞானப்பிரகாசியார் அல்லர். அவருடைய வழி அவருக்கு, தம் இயல்புக்கும் நிலைமைக்கும் ஏற்ற வழி தமக்கு. புனிதர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய புண்ணியத்தின் சாரத்தை மட்டுமே, புறத்தோற்றத்தை அன்று. அந்தச் சாரத்தைத் தம் இரத்தமாக்கிக்கொள்ள வேண்டும். ஞானப்பிரகாசியாரே தம் நிலையில் இருந்தால் வேறு விதமாகத்தான் புனிதராகியிருப்பார். அக்குறிப்பின் கருத்து இதுவே.

மழை நின்றது. நாம் எழவில்லை. முதற்பங்கின் அந்த ஞாயிறு நம் கண்முன் வந்து நின்றது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. காலையில் கிளைக்கிராமங்கள் உட்பட மூன்று பூசைகள். வெயில் நேரம். பங்கு இல்லம் திரும்பிச் சாப்பாட்டுக்கு அமர்ந்த வேளையில் ஒரு சிறுவன் ஓடி வந்தான். “சாமி, அம்மாயிக்கு ரொம்ப முடியல. அம்மா உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.” அந்த மூதாட்டி பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தவர், இரண்டு முறை அவ்வாறே அழைத்து, சென்று பார்த்தபோது எழுந்து அமர்ந்து பேசியவர். “சாப்பிட்டு வருகிறோம், நீ போ தம்பி” என்றோம். சாப்பிட்டோம். கண் சற்று அயர்ந்தோம். நான்கு மணிக்கு எண்ணெய்ச் செப்பும் நற்கருணைப் பேழையுமாக அவ்வீட்டு வாசலை அடைந்தபோது, உள்ளே தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். அவருடைய மகள் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “சாமி களைச்சுப் போயிருப்பீங்க. காப்பி குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். அதற்குப்பின் எத்தனையோ கண்டனங்களை நாம் கேட்டதுண்டு. இதைப்போல் எதுவும் வலித்ததில்லை.

அன்றிரவு நீல நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். 31 விதிகள். அவற்றுள் ஒன்றுகூட அந்த நாற்காலியிலிருந்து நம்மை எழுப்பக் கூடியதாக இல்லை. ஏன்? அவை வேறு யாருக்கோ எழுதப்பட்டவை. நூல்களில் படித்த புனிதர்களுக்காக, நம் குருமடத் தலைவரின் பார்வைக்காக, நாம் ஆக விரும்பிய ஒரு கற்பனைக் குருவுக்காக எழுதியிருந்தோம். களைத்த உடலோடு சாப்பாட்டுத் தட்டின்முன் அமர்ந்திருக்கும் இந்த மனிதனுக்காக ஒன்றும் எழுதவில்லை. நமக்கு நாவடக்கம் எளிது. ஏனெனில் இயல்பிலேயே நாம் குறைவாகப் பேசுபவர். அதற்கு ஐந்து விதிகள்! நம் உண்மையான குறை, ஓய்வுக்கு இடையூறு வந்தால் எழும் சினமும் தாமதமும். அதற்கு ஒரு விதியும் இல்லை.

அன்று ஒரே ஒரு வரி எழுதினோம்: நோயாளி அழைத்தால் கையிலுள்ளதை வைத்துவிட்டு எழு. அந்த வரி இன்றுவரை, இறையருளால், பெரும்பாலும் காக்கப்பட்டு வருகிறது. ஆயினும் அதனோடு வேறொரு தீமையும் வளர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். தன்னைக் கட்டிய கயிற்றால் பிறரையும் கட்ட முனைந்தோம். நேரம் தவறிய உபதேசியாரிடம் கடுமை, பிந்தி வந்த மணமக்களிடம் கடுமை, இதோ, மூதாட்டிக்குப் பை தூக்கிய இளங்குருவிடம் கடுமுகம். ஒரு மூதாட்டிக்குப் பிந்திச் சென்றதால் பிறந்த விதி, இன்னொரு மூதாட்டிக்காகப் பிந்தியவரை முகம் சுளித்துப் பார்க்கிறது! இதை அந்தத் தாழ்வாரத்தில் அமர்ந்து உணர்ந்தபோது, “தம்பி, காலையில் நீர் செய்ததே சரி” என்று அவரிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, “பேருந்தைப் பிடிச்சிருந்தா மழையில நனைஞ்சிருப்போம் சாமி” என்றார்.

இந்தப் பாப்பரசருடைய விதிகள் அவரைக் கடுமையானவராக ஆக்கவில்லை என்பதே அவ்வூரில் நாம் கற்ற பெரிய பாடம். 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் எழுபத்தாறு வயதில் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவன்று உரோமையில் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்று நோயுற்ற சிறுவர்களைக் கண்டார். மறுநாள் ரெஜினா சேலி சிறைச்சாலைக்குச் சென்று கைதிகளைச் சந்தித்தார். பாப்பரசர்கள் அப்படி வெளியே செல்வதை அக்காலத்தார் கண்டதில்லை. 1962-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. தம் ஆயர் பணிக்கு அவர் தெரிந்துகொண்ட விருதுவாக்கு ‘கீழ்ப்படிதலும் சமாதானமும்’ என்பது. அறுபத்தெட்டு ஆண்டுகள் தம்மைத் தாமே சோதித்து வந்தவர் பிறரைச் சோதிப்பதில் காலம் போக்கவில்லை. விதி உள்நோக்கி இருந்தது. கனிவு வெளிநோக்கிச் சென்றது.

பங்குக் குடும்பங்களே, நீங்களும் உங்களுக்கென்று சில விதிகளை எழுதிக்கொள்ளுங்கள் என்பதே நம் வேண்டுகோள். எப்படி எழுதுவது? அந்த மலையடி ஊரில் நமக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, நீங்கள் விழுகிற இடத்தை அறியுங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் விழுவதில்லை. நம் பங்கில் கட்டட வேலை செய்யும் ஒருவர் சனிக்கிழமைக் கூலியை மதுக்கடையில் தொலைத்து வந்தார். குடிக்க மாட்டேன் என்று பலமுறை சத்தியம் செய்து பலமுறை தவறியவர். பின்னர் ஒரு சிறு விதியை ஏற்றார்: சனிக்கிழமை மாலை தனியே வீடு திரும்புவதில்லை; மகள் வேலையிடத்துக்கு வந்து நிற்பாள், அவளோடு வேறு தெரு வழியாக வருவது. பெரிய சத்தியம் செய்யாததைச் சிறிய தெரு செய்தது.

இரண்டாவது, சிலவற்றை மட்டும் எழுதுங்கள். மூன்று போதும், ஐந்து மிகுதி. நம் 31 விதிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விதியை ஒரு வேளையோடும் ஒரு செயலோடும் கட்டுங்கள். ‘பொறுமையாய் இருப்பேன்’ என்பது ஆசை. அதைக் காத்தோமா இல்லையா என்று இரவில் சொல்ல முடியாது. ‘சாப்பிடும்போது பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசமாட்டேன்’ என்பது விதி. ‘செபமாலை முடியும்வரை அலைபேசி அலமாரியில் இருக்கும்’ என்பதும் விதி. ‘நேற்றைய சண்டையை இன்றைய சண்டைக்குள் இழுக்கமாட்டேன்’ என்பது கணவன் மனைவி இருவருக்கும் ஏற்ற விதி.

நான்காவது, இரவில் கணக்குப் பாருங்கள். கடைக்காரர் கல்லாவை எண்ணாமல் கதவடைப்பதில்லை. ஆத்தும சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். நன்றி சொல்லித் தொடங்குங்கள்; மன்னிப்புக் கேட்டு முடியுங்கள்.

ஐந்தாவது, தவறினால் மறுநாளே தொடங்குங்கள். இந்த விதி நமக்கு ஒவ்வாது என்று ஏட்டைக் கிழித்துப் போடுவது தாழ்ச்சியன்று. அது அடிபட்ட அகந்தை. ஆஞ்சலோவின் ஏட்டில் தவறல்களே அதிகம். ஆனால் ஏடு நிற்கவில்லை.

ஆறாவது, உங்கள் விதியால் அடுத்தவரை அளக்காதீர்கள். விடியற்பூசைக்குச் செல்லும் மாமியார், கைக்குழந்தையோடு செல்ல முடியாத மருமகளைக் குறைகூறினால், அந்தப் பூசையின் பலன் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

நாடு திரும்பிய சில நாட்களில் கல்லறைத் திருநாள் வந்தது. நம் பங்கின் கல்லறைகளை மந்திரித்து முடித்து, மாலையில் பேருந்து ஏறி நம் முதற்பங்குக்குச் சென்றோம். அந்த மூதாட்டியின் கல்லறைமேல் சாமந்திப் பூக்கள் இட்டு, மெழுகுவர்த்தி காற்றில் அணையாதபடி கையால் மறைத்துக்கொண்டு அவருடைய மகள் அமர்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் சென்று கேட்டிருக்க வேண்டியதை அன்று கேட்டோம்: “அன்றைக்கு நாம் பிந்தி வந்ததற்கு எங்களை மன்னிக்க வேண்டும் அம்மா.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க சாமி. அதை உங்ககிட்டச் சொல்லிடக் கூடாதுன்னுதான் காப்பி குடிக்கிறீங்களான்னு கேட்டேன்.” பின்பு, “சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு தோணுச்சு. இப்பச் சொல்லலாம்னு தோணுது” என்றார்.

அந்தப் பெண்மணியிடம் எழுதி வைத்த விதி ஒன்றும் இல்லை. தாய் இறந்து கிடக்கும் வேளையிலும் பிறர் மனம் நோகச் சொல்லக் கூடாதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. மலையடி ஊரின் அந்தக் கல்வீட்டில் இருந்ததைப் போல், வாழ்ந்த வீடே எழுதிக்கொடுத்த விதி அது. நாமோ எழுதி எழுதிக் கற்க வேண்டியவர்கள். இருவரும் சேர்ந்து உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகச் செபித்தோம். இருட்டும்வரை அந்த மெழுகுவர்த்தி எரிந்தது.

இப்போது நம்மிடம் உள்ள ஏட்டில் நான்கு விதிகளே உள்ளன. முதலாவது பழையது, நோயாளியைப் பற்றியது. கடைசியாக எழுதியது, பிந்தி வருகிறவரைப் பற்றியது: ஏன் பிந்தினார் என்று கேட்குமுன் முகம் சுளிக்காதே. எழுதிய வாரத்திலேயே அதனை இருமுறை மீறினோம். இரவில் குறித்துக்கொண்டு, மறுநாள் மீண்டும் தொடங்கினோம்.

இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விழுகிற இடம் எது என்று ஆண்டவர் திருமுன் கேட்டு, ஒரு வரி எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. செபப் புத்தகத்தின் நடுவே அது இருக்கட்டும். உங்கள் இல்லங்களில் இறைவனின் சமாதானம் தங்குவதாக.